ஊட்டிக் குளிரில் ஒரு பிரேசில் கொடி!

மே மாதம். ஊட்டியில் மலர்க் கண்காட்சி பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில், ஒரு நர்சரி முன்னால் வண்டியை நிறுத்துகிறீர்கள். தொட்டியிலிருந்து சரிந்து தொங்குகிறது ஒரு கொடி. இதய வடிவ இலை. ஒவ்வொரு இலையின் நடுவிலும் எலுமிச்சை மஞ்சளில் தூரிகையால் இழுத்தாற்போல ஒரு பட்டை. பார்த்தவுடனே மனசு போய்விடுகிறது.

'என்ன செடிங்க இது?'

'மணி பிளான்ட் மாதிரிதாங்க. தண்ணி ஊத்தினா போதும், அதுபாட்டுக்கு வளரும்!'

வாங்கி வந்து ஹாலில் டி.வி.க்குப் பக்கத்தில் வைக்கிறீர்கள். நாலைந்து மாசம் ஜோராகத்தான் இருக்கிறது. டிசம்பர் பிறந்ததும் அடி இலைகள் ஒவ்வொன்றாக மஞ்சளாகிக் கழல்கின்றன. 'அடடா, தண்ணி பத்தலை போலிருக்கே' என்று இன்னொரு சொம்பு ஊற்றுகிறீர்கள். பொங்கலுக்குள் தண்டு கொழகொழத்து, செடி சாய்ந்துவிடுகிறது.

நீலகிரியில் இந்தக் கொடியை வளர்க்கிற பல வீடுகளில் இதுதான் கதை. செடி போனால் இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம், பெரிய நஷ்டமில்லை. ஆனால் இதைச் சுற்றி நாம் செய்கிற வேறு சில தப்புகள் உண்டு. அவை தொட்டியோடு நிற்காமல் குழந்தையின் வாய் வரைக்கும், படுக்கையறைக் காற்று வரைக்கும் வந்துவிடும். ஆரோக்கியப் பத்திரிகையில் ஒரு தொட்டிச் செடிக்கு இத்தனை இடம் எதற்கு என்று கேட்டால், அதனால்தான்!

மணி பிளான்ட் இல்லீங்க, இது வேற!

இதன் பெயர் ஃபிலோடெண்ட்ரான். 'மரத்தை நேசிப்பது' என்று கிரேக்க மொழியில் அர்த்தம். காட்டில் மரத்தைக் கட்டிப்பிடித்து ஏறுகிற கொடி என்பதால் அப்படி ஒரு பெயர். சொந்த ஊர் மெக்சிகோவிலிருந்து பிரேசில் வரை பரவிக் கிடக்கும் வெப்பக் காடுகள். மஞ்சள் பட்டை போட்ட இந்த ரகத்துக்கு நர்சரிக்காரர்கள் வைத்திருக்கும் பெயரே 'பிரேசில்'தான்.

மணி பிளான்ட்டும் இதுவும் ஒரே குடும்பம். சித்தப்பா, பெரியப்பா பிள்ளைகள் மாதிரி. வித்தியாசம் கண்டுபிடிப்பது சுலபம். ஃபிலோடெண்ட்ரானில் புது இலை ஒரு மெல்லிய உறைக்குள் சுருண்டு வரும். இலை விரிந்ததும் அந்த உறை காய்ந்து விழுந்துவிடும். மணி பிளான்ட்டில் இப்படித் தனியாக உறை கிடையாது. அதன் இலை கொஞ்சம் தடிமன், மெழுகு தடவினாற்போல இருக்கும். இலைக் காம்பில் ஒரு பள்ளம் ஓடும். ஃபிலோடெண்ட்ரான் காம்பு உருண்டையாக இருக்கும்.

தெரிந்து என்ன ஆகப்போகிறது என்கிறீர்களா? மணி பிளான்ட்டை நாம் படுத்துகிற பாட்டை எல்லாம் இது தாங்காது. முக்கியமாகக் குளிரை!

இங்கே ஒரு பழைய கதையைச் சொல்ல வேண்டும். ஊட்டி அரசு தாவரவியல் பூங்காவை 1848-ல் உருவாக்க ஆரம்பித்தவர் மெக்ஐவர் என்ற தோட்டக்கலை நிபுணர். பின்னால் 1860-களில் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் சின்கோனா மரத்தை வளர்த்துக் காட்டியவரும் அவர்தான். மலேரியாக் காய்ச்சலுக்கான கொய்னா மருந்து அந்த மரத்தின் பட்டையிலிருந்து எடுத்ததுதான். சின்கோனாவும் தென் அமெரிக்காச் செடிதான். ஆனால் அது ஆண்டிஸ் மலையில் வளர்வது. மலையிலிருந்து மலைக்கு வந்ததால் நீலகிரி அதற்கு ஒத்துக்கொண்டது. நம்ம ஃபிலோடெண்ட்ரானோ, அதே கண்டத்தின் புழுக்கமான காட்டிலிருந்து வந்தது. இரண்டுக்கும் ஒரே வைத்தியம் சரிப்படுமா?

குளிரில் செடிக்கு என்ன ஆகிறது?

மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேறும்போது ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் சுமார் 6 டிகிரி குறைந்துகொண்டே போகும். குன்னூர் கிட்டத்தட்ட 1,800 மீட்டர் உயரம். ஊட்டி 2,200-க்கும் மேல். நவம்பரில் நீர்ப்பனி, அப்புறம் உறைபனி... டிசம்பர், ஜனவரி விடியற்காலையில் ஊட்டிப் புல்வெளி வெள்ளை விரித்தாற்போல இருக்கும்; தலைக்குந்தா பக்கம் வெப்பம் பூஜ்யத்துக்குப் போய்விடுவதும் உண்டு. வீட்டுக்குள் அவ்வளவு மோசம் இல்லைதான். ஆனாலும் இந்தக் கொடிக்கு 18-லிருந்து 27 டிகிரி வரை இருந்தால் சந்தோஷம். 15-க்குக் கீழே போனால் வளர்ச்சி நின்றுவிடும். 10-க்குக் கீழே பல ராத்திரிகள் கழிந்தால் இலை, வேர் இரண்டும் கெட ஆரம்பிக்கும்.

வளர்ச்சி நின்ற செடி தண்ணீர் குடிக்காது. இதுதான் விஷயமே! ஜுரத்தில் படுத்திருப்பவருக்கு வாயில் விருந்துச் சாப்பாட்டைத் திணித்தால் எப்படியோ, அப்படித்தான் குளிரில் ஊற்றுகிற தண்ணீரும். மண்ணிலேயே தேங்கி, காற்றுப் போக வழியில்லாமல் வேர் மூச்சுத் திணறி அழுகுகிறது. அழுகிய வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. அதனால் மேலே இலை வாடுகிறது. நாம் வாட்டத்தைப் பார்த்து இன்னும் ஊற்றுகிறோம்!

அப்படியானால் எப்போது ஊற்றுவது? விரலைக் கேளுங்கள். ஆள்காட்டி விரலை இரண்டு கணு ஆழத்துக்கு மண்ணில் விட்டுப் பாருங்கள். ஈரம் தட்டுப்பட்டால் இன்றைக்கு வேண்டாம். காய்ந்திருந்தால் ஊற்றலாம். மே மாசத்தில் வாரம் ஒருமுறை கேட்கிற செடி, ஜனவரியில் பதினைந்து நாளைக்கு ஒருமுறை கேட்டால் அதிகம். குழாயில் வரும் ஐஸ் தண்ணீரை அப்படியே கொட்டாதீர்கள். முந்தின ராத்திரியே ஒரு பக்கெட்டில் பிடித்து அடுப்படியில் வைத்து, காலையில் வெயில் ஏறியதும் ஊற்றுங்கள். தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டில் வழிந்த தண்ணீரை அரை மணி நேரத்தில் கீழே கொட்டிவிட வேண்டும். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை உரமும் வேண்டாம். தூங்குகிற பிள்ளையை எழுப்பிச் சோறு ஊட்டுவானேன்?

காலையில் இலை நுனியில் முத்து மாதிரி நீர்த்துளி நிற்கிறதா? பனி உள்ளே வந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். வேரில் ஈரம் அதிகம் இருக்கும்போது செடியே இலை நுனி வழியாக வெளியேற்றும் நீர் அது. 'போதும்டா சாமி' என்கிறது, அவ்வளவுதான்.

மண் கலவையிலும் நம்மவர்கள் ஏமாறுவது உண்டு. சோலைக் காட்டிலிருந்து கறுப்பு மண் அள்ளி வருகிறார்கள். காட்டு மண்ணை எடுப்பது சட்டப்படி தப்பு என்பது ஒரு பக்கம். அது ஈரத்தைப் பஞ்சு மாதிரி பிடித்து வைத்துக்கொள்ளும் என்பது இன்னொரு பக்கம். தேயிலைத் தோட்டத்து மண்ணோ, புளிப்புத்தன்மை அதிகமானது. தொட்டியில் இறுகியும் போகும். தேங்காய் நார்க்கழிவு இரண்டு பங்கு, தோட்ட மண் ஒரு பங்கு, பருமணல் அல்லது பொடித்த அடுப்புக்கரி ஒரு பங்கு, கூட ஒரு கைப்பிடி மண்புழு உரம். போதும். பிளாஸ்டிக் தொட்டியைவிட மண் தொட்டி நல்லது. ஈரம் அதன் சுவர் வழியாகவே கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறிவிடும்.

மஞ்சள் பட்டை ஏன் மறைகிறது?

'வாங்கும்போது அவ்வளவு அழகா கோடு கோடா இருந்துச்சு. இப்ப வெறும் பச்சையா வருதே!' – இது இன்னொரு புலம்பல்.

இலையின் மஞ்சள் பகுதியில் பச்சையம் மிகக் குறைவு. அதாவது, அந்த இடம் சம்பாதிக்காது. பச்சைப் பகுதி சம்பாதிப்பதை உட்கார்ந்து சாப்பிடும்! வெளிச்சம் நன்றாகக் கிடைக்கும் வரை செடிக்கு இது பாரமில்லை. இருட்டு மூலையில் வைத்தால் வருமானம் குறையும். அப்போது முழுப் பச்சையாக வரும் கிளைதான் வேகமாக வளர்ந்து மற்றதை அமுக்கிவிடும். முழுக்கப் பச்சையான கிளையைக் கண்டால், மஞ்சள் கோடு தெரிகிற கடைசி இலை வரைக்கும் வெட்டிவிட்டு, தொட்டியை ஜன்னலோரம் நகர்த்துங்கள். முழு மஞ்சளாக ஒரு கிளை வந்தாலும் சந்தோஷப்பட வேண்டாம். அது தனியாகப் பிழைக்காது.

வெளிச்சம் என்றால் நேர் வெயில் இல்லை. உயரம் கூடக் கூட வெயிலில் புற ஊதாக் கதிர்கள் அதிகம். குளிர் காற்றில் சூடு தெரியாது, ஆனால் தோல் கறுத்துப்போகும் இல்லையா? இலைக்கும் அதேதான். மஞ்சள் பட்டைதான் முதலில் தீய்ந்து பழுப்பாகும். கிழக்கு ஜன்னலிலிருந்து இரண்டு மூன்று அடி தள்சி என்று கணக்கு வைத்துக்கொள்ளாமல், மெல்லிய திரைச்சீலை வழியாக வரும் வெளிச்சம் படும் இடமாகப் பாருங்கள். எஸ்டேட் பங்களாக்களில் கண்ணாடி போட்ட வராந்தா இருக்குமே, அங்கே பகலில் இதற்குச் சொர்க்கம்! ராத்திரியில் மட்டும் கண்ணாடியை ஒட்டி வைக்காதீர்கள். கண்ணாடியில் படும் இலை, குளிரில் கறுத்துவிடும். தரையிலும் வேண்டாம், குளிர்ந்த காற்று கனமானது, தரையில்தான் வந்து படியும். இடுப்புக்கு மேலே ஒரு ஷெல்ஃப் உத்தமம்.

உயரத்தில் வைப்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது.

குழந்தை வாயில் போட்டுவிட்டால்?

சேனைக்கிழங்கு சரியாக வேகாவிட்டால் தொண்டை நமநமக்கும் இல்லையா? சேப்பங்கிழங்கு தோல் உரித்தால் கை அரிக்கும் இல்லையா? ஃபிலோடெண்ட்ரானும் அந்தக் குடும்பம்தான். ஊட்டியில் ஓடைக்கரையெல்லாம் புனல் மாதிரி வெள்ளையாகப் பூத்து நிற்கும் காலா லில்லியும் அதே குடும்பம். இந்தச் செடிகளின் சாற்றில் கால்சியம் ஆக்சலேட் என்ற உப்பு, கண்ணுக்குத் தெரியாத ஊசிக் கட்டுகளாக இருக்கிறது. இலையைக் கடித்தவுடன் அந்த ஊசிகள் உதடு, நாக்கு, தொண்டையில் குத்தும். எரிச்சல், வீக்கம், ஜொள்ளு, அழுகை!

உயிருக்கு ஆபத்து வருவது அபூர்வம். முதல் கடியிலேயே எரிச்சல் வருவதால் குழந்தை நிறைய விழுங்காது. அதனால் பதற வேண்டாம். வாயிலிருக்கும் துணுக்குகளை ஈரத் துணி சுற்றிய விரலால் எடுத்துவிடுங்கள். வாயைக் கழுவி, குளிர்ந்த தண்ணீரோ பாலோ கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். உப்புக் கரைசல் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கிற பாட்டி வைத்தியம் கூடவே கூடாது. வரும் வழியில் அந்த ஊசிகள் தொண்டையை மறுபடி குத்தும். நாக்கோ தொண்டையோ வீங்கி விழுங்க முடியாமல் எச்சில் வழிந்துகொண்டே இருந்தால், குரல் கம்மினால், மூச்சு விடச் சிரமப்பட்டால் யோசிக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். மலைப்பாதையில் ஆஸ்பத்திரி போய்ச் சேர நேரமாகும் என்பதை மறக்காதீர்கள். கையோடு ஒரு இலையையும் எடுத்துப் போனால் டாக்டருக்கு உதவியாக இருக்கும். சாறு கண்ணில் பட்டால் கால் மணி நேரம் ஓடுகிற தண்ணீரில் கழுவிவிட்டு டாக்டரைப் பாருங்கள். நாய், பூனை வளர்ப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கைதான்.

தொங்குவதுதான் இந்தக் கொடியின் அழகு. குழந்தை இருக்கும் வீட்டில் அதுதான் வம்பு. தொட்டியை ஆறடி உயரத்தில் வைத்துவிட்டு, கொடியைத் தரை வரை விட்டால் என்ன பிரயோஜனம்? தவழும் பிள்ளை இருக்கும் வரைக்கும் நாலடிக்குக் கீழே தொங்காமல் கத்தரித்துவிடுங்கள். அல்லது, சுவரில் நூல் கட்டி மேலாகவே ஓடவிடுங்கள். கத்தரிக்கும்போது கையுறை போட்டுக்கொள்வது நல்லது. முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் கண்ணைக் கசக்க வேண்டாம்.

ஒரு விஷயம் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நீலகிரித் தோட்டங்களில் வேலியோரம் பெரிய பெரிய மணியாகத் தலைகீழாகத் தொங்கும் பூ பார்த்திருப்பீர்கள், வெள்ளையிலும் ஆரஞ்சிலும். அது ஊமத்தைக்கு உறவு. அதோடு ஒப்பிட்டால் ஃபிலோடெண்ட்ரான் சாது! அந்தப் பூ, இலை, விதை எதுவாக இருந்தாலும் குழந்தை வாயில் வைத்தது தெரிந்தால், எரிச்சல் வருகிறதா என்று காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிதான்.

செடி இருந்தால் காற்று சுத்தமாகுமா?

இந்த நம்பிக்கைதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

இது எங்கிருந்து வந்தது தெரியுமா? அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசா 1989-ல் ஓர் ஆராய்ச்சி அறிக்கை வெளியிட்டது. காற்றுப் புகாமல் மூடிய சின்னப் பெட்டிக்குள் செடிகளை வைத்து, சில ரசாயன ஆவிகளைச் செலுத்திப் பார்த்தார்கள். ஆவி குறைந்தது. இதய இலை ஃபிலோடெண்ட்ரானும் அந்தப் பட்டியலில் உண்டு. அது போதாதா? 'காற்றைச் சுத்தம் செய்யும் செடி' என்று உலகம் முழுக்க விளம்பரம் ஆகிவிட்டது.

ஆனால் நம் வீடு மூடிய பெட்டி இல்லையே. 2019-ல் அமெரிக்காவின் ட்ரெக்ஸல் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் இரண்டு பேர், பழைய ஆராய்ச்சிகளை எல்லாம் திரட்டிக் கணக்குப் போட்டார்கள். சாதாரணமாக ஒரு கட்டடத்துக்குள் வந்து போகும் காற்று செய்கிற வேலையைச் செடிகள் செய்ய வேண்டுமானால், ஒரு சதுர மீட்டருக்கு 10-லிருந்து 1,000 செடி வேண்டுமாம்! பத்துக்குப் பத்து அறைக்குக் குறைந்தபட்சமே 90-க்கு மேல். அப்புறம் நாம் எங்கே படுப்பது?

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், மலையில் குளிருக்காகக் கதவு ஜன்னலை எல்லாம் அடைத்துவிட்டு, சட்டியில் கரி நெருப்புப் போட்டு அறைக்குள் வைத்துக்கொள்ளும் பழக்கம் இருக்கிறது. சுற்றுலா வந்தவர்கள் வெளியே பார்பிக்யூ சுட்டுவிட்டு, மிச்சக் கங்கைத் தூங்கும் அறைக்குள் எடுத்து வருவதும் உண்டு. புகை இல்லாத கங்கிலிருந்து வருகிற கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜனை விட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு ஒட்டிக்கொள்ளும். முதலில் தலைவலி, அப்புறம் குமட்டல், அசதி... குளிருக்குத் தூக்கம் வருகிறது என்று நினைத்துப் படுப்பவர்கள் எழுந்திருப்பதே இல்லை. இப்படி மலை ஊர்களில் உயிர்கள் போயிருக்கின்றன.

அறையில் நாலு ஃபிலோடெண்ட்ரான் அல்ல, நாற்பது இருந்தாலும் இந்த வாயுவை அவை தடுக்காது. கரி நெருப்பைத் தூங்கும் அறைக்குள் கொண்டு வரவே வராதீர்கள். கம்பளி, வெந்நீர்ப் பை, புகைபோக்கி சரியாக வேலை செய்கிற கணப்பு, இவையே போதும். கணப்பு எரியும்போது ஜன்னலில் நாலு விரல் இடைவெளி இருக்கட்டும். ஒரே அறையில் இருக்கிற இரண்டு மூன்று பேருக்கு ஒரே சமயத்தில் தலை வலித்தால், காரணம் தேடிக்கொண்டிருக்காமல் எல்லோரையும் வெளியே கூட்டி வந்துவிட்டு 108-க்குப் போன் செய்யுங்கள்.

'ராத்திரியில செடி கரியமில வாயு விடுமே, பெட்ரூம்ல வைக்கலாமா?' என்று கேட்பவர்களுக்கு: தாராளமாக வைக்கலாம். ஒரு தொட்டிச் செடி விடுவது பக்கத்தில் படுத்திருப்பவர் விடும் மூச்சில் துளிகூட இல்லை. கவலைப்பட வேண்டியது வேறு. மழைக்காலத்தில், அதுவும் வடகிழக்குப் பருவமழை கொட்டும் குன்னூரில், சுவரே ஓதம் பூத்திருக்கும். அந்த அறையில் எப்போதும் ஈரமாகவே இருக்கும் பத்துத் தொட்டியை அடுக்கினால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். ஆஸ்துமா, வீசிங் இருக்கும் பிள்ளை படுக்கும் அறையில் தொட்டியே வேண்டாம். மற்ற அறைகளில் மண்ணின் மேல் வெள்ளையாகப் பூத்திருந்தால் மேல் மண்ணைச் சுரண்டி எறிந்துவிட்டு, தண்ணீரைக் குறையுங்கள்.

பூச்சி வந்தால்...

இலைக் காம்பின் இடுக்கில் பஞ்சு ஒட்டினாற்போல இருந்தால் மாவுப்பூச்சி. பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தாலே போகும். நிறைய இருந்தால், ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் வேப்பெண்ணெய், சில துளி சோப்புக் கரைசல் கலந்து, செடியை வெளியே எடுத்துப் போய்த் தெளியுங்கள். 'எஸ்டேட்டுல தேயிலைக்கு அடிக்கிற மருந்து கொஞ்சம் வாங்கி வந்தேன்' என்று யாராவது பாட்டிலில் கொடுத்தால் வாங்காதீர்கள். பத்து ஏக்கர் திறந்தவெளிக்கான விஷத்தை மூடிய ஹாலில் அடித்தால், பூச்சிக்கு முன்னால் நமக்குத்தான் மூச்சு முட்டும். அதையும் கூல்டிரிங்ஸ் பாட்டிலில் ஊற்றி வைத்தால், கேட்கவே வேண்டாம்!

இலை பளபளப்புக்குத் தேங்காய் எண்ணெய், பால் தடவுவதும் வேண்டாம். தூசிதான் ஒட்டும். ஈரத் துணி போதும்.

கடைசியாக, கோயம்புத்தூரிலோ சென்னையிலோ இருக்கும் அக்கா, 'எனக்கும் ஒரு கொடி குடேன்' என்று கேட்பார் பாருங்கள். மஞ்சள் பட்டை பளிச்சென்று தெரியும் இலையாகப் பார்த்து, அதன் கணுவுக்குக் கீழே அரை அங்குலம் விட்டு வெட்டுங்கள். வேர் அந்தக் கணுவிலிருந்துதான் வரும். கணு இல்லாத வெறும் இலையைத் தண்ணீரில் போட்டு மாசக்கணக்கில் காத்திருந்தாலும் கொடியாகாது. ஏப்ரல், மே மாதங்கள்தான் இதற்கு நல்ல சமயம். பாட்டில் தண்ணீரில் கணு மூழ்கும்படி வைத்தால் மூன்று நாலு வாரத்தில் வேர் விடும். கீழே போனதும் அந்த பாட்டில் தண்ணீரை நாலு நாளைக்கு ஒருமுறை கொட்டிவிட்டு, உள்பக்கம் தேய்த்துக் கழுவி, புதுத் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். டெங்கு கொசுவுக்குச் சுத்தமான தண்ணீர் கொஞ்சம் இருந்தால் போதும். ஒரு வாரம், பத்து நாளில் முட்டை கொசுவாகிப் பறந்துவிடும். வேர் இரண்டு அங்குலம் வளர்ந்ததும் மண்ணுக்கு மாற்றிவிடலாம்.